சூரைக்கு ஹார்னஸ்: பக்கெட்டா, கிட்னியா, வெறும் பெல்ட்டா?

பெரிய மீனோடு நின்று சண்டை போடும்போது ரீலின் இழுப்பைக் கையிலிருந்து உடம்புக்கு மாற்ற மாட்டிக்கொள்ளும் பட்டைத் தொகுதிதான் ஹார்னஸ். அதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே வைத்துத் தைத்த ஃபோம் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்றுதான் அழுத்திப் பார்க்கிறார்கள். கடையில் அழுத்திப் பார்க்க வேறென்ன இருக்கிறது! ஆனால் 60, 80 கிலோ சூரை ஆழத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றுவிட்டால் மெத்தை கைகொடுக்காது. ரீலுக்குப் போகும் பட்டையின் நீளம் எவ்வளவு, ராடின் (தூண்டில் கம்பின்) அடிமுனை ஊன்றும் கிம்பல் கப் தொடையில் எந்த உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு அளவுதான் கைகொடுக்கும். இந்த இரண்டையும் உங்கள் உடம்புக்கும் உங்கள் ராடுக்கும் ஏற்றபடி மாற்ற விடுகிற செட் நல்ல செட். மாற்ற விடாத செட்டில் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் அது பரணுக்குத்தான் போகும்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சட்டென்று புரியும். எவ்வளவு இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் என்ற பிடிமானம்தான் டிராக்; ரீலின் லீவரில் சண்டைக்கு வைக்கும் நிலை ஸ்ட்ரைக். 80 பவுண்டு (சுமார் 36 கிலோ) தாங்கும் தூண்டில் நரம்புக்கு ஸ்ட்ரைக்கில் ஏறக்குறைய 12 கிலோ டிராக் வைப்பது வழக்கம். நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை. சூரை செங்குத்தாகக் கீழே நிற்கிறது. வளைந்த ராடின் முனை கிம்பலிலிருந்து 1 மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ரீல் உட்கார்ந்திருப்பதோ கிம்பலிலிருந்து 40 செ.மீ. தள்ளி. 12 கிலோவை 1 மீட்டரால் பெருக்கி 0.4ஆல் வகுத்தால், ஹார்னஸ் தாங்க வேண்டிய இழுப்பு சுமார் 30 கிலோ. அதாவது மீன் இழுப்பதைப் போல இரண்டரை மடங்கு உங்கள் இடுப்பில் விழுகிறது. அதே அளவு விசையோடு கிம்பல் தட்டு முன்னாலிருந்து தொடையைத் தள்ளும். பின்னாலிருந்து ஒரு பட்டை முன்னுக்கு இழுக்க, முன்னாலிருந்து ஒரு தட்டு பின்னுக்குத் தள்ள, நடுவில் மாட்டிக்கொண்டது நீங்கள். இந்த இரண்டு விசையும் உடம்பில் எந்த இடத்தில் படுகின்றன என்பதில்தான் ஹார்னஸுக்கு ஹார்னஸ் வித்தியாசம்.

தோள் ஹார்னஸ், அதாவது மேல்சட்டை போல மாட்டிக்கொள்வது, சுமையைத் தோளிலும் மேல்முதுகிலும் ஏற்றும். தோளிலிருந்து தொடைவரை முழு முதுகெலும்பும் நெம்புகோலாக வேலை செய்ய வேண்டியிருக்கும். 20 நிமிடத்தில் உடம்பு முன்னால் கூனிவிடும், கூனியதும் ராடு தாழும், தாழ்ந்ததும் முனை இன்னும் முன்னால் போய் சுமை இன்னும் கூடும். தவிர, காற்று ஊதும் வகை லைஃப் ஜாக்கெட்டின் மேல் இந்தப் பட்டைகள் குறுக்கே ஓடினால் ஜாக்கெட் விரிய இடமிருக்காது. பெரிய சூரைக்கு இதை வாங்க வேண்டாம்; இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

கிட்னி ஹார்னஸ் இடுப்புக்கு மேல், கீழ்முதுகை அணைத்தபடி உட்காரும். 30 பவுண்டு நரம்பு, 4, 5 கிலோ டிராக் என்றால் இது தாராளம். எடை குறைவு, மாட்டுவதும் கழற்றுவதும் சுலபம், படகில் நடமாடலாம். 50 பவுண்டு நரம்பில் 7, 8 கிலோ டிராக்வரை பழகியவர்கள் இதிலேயே சமாளிப்பார்கள். அதற்கு மேல் போனால் சிக்கல் தெரியும்: பட்டை இழுப்பது சரியாக முதுகு வளைகிற இடத்தில். மேலுடம்பைப் பின்னால் சாய்க்கச் சாய்க்க இடுப்பு முன்னால் வந்து முதுகு வில்லாக வளையும். ஒரு மணி நேரச் சண்டைக்குப் பிறகு மறுநாள் குனிந்து செருப்புப் போட முடியாது. ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது.

பக்கெட் ஹார்னஸ் பிருஷ்டத்துக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் ஊஞ்சல் பலகை போலத் தாங்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நாற்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரி பின்னால் சாய்ந்தால் உடம்பின் எடையே மீனுக்கு எதிர் எடை. கையால் இழுக்க வேண்டிய வேலையே இல்லை. இடது கை நரம்பை ஸ்பூலில் ஒழுங்காகப் படியவைக்கும், வலது கை சுற்றும், அவ்வளவுதான். இழுப்பு இடுப்பெலும்புக்கும் கீழே விழுவதால் முதுகு கிட்டத்தட்ட நேராக நிற்கும். 80 பவுண்டுக்கும் அதற்கு மேலும் நின்றபடி சண்டை போடுவதாக இருந்தால் எங்கள் ஓட்டு இதற்கு மட்டும்தான். நியூஸிலாந்துக்காரர்களின் பிளாக் மேஜிக் ஈக்குவலைசரும் அமெரிக்காவின் பிரெய்ட் பவர் பிளேயும் இந்த வகையில் பரவலாகத் தெரிந்த பெயர்கள். வேறு கம்பெனிக்காரர்களிடமும் இதே அமைப்பு கிடைக்கிறது. கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் பெயர் முக்கியமில்லை.

பக்கெட்டுக்கும் குறை உண்டு. நடக்கும்போது நழுவி முழங்காலுக்கு வரும். வழுவழுப்பான மழைக்கால்சட்டையின் மேல் போட்டால் இன்னும் மோசம். அதனால் சும்மா நிற்கும்போது கீழே விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு மெல்லிய இடுப்புப் பட்டையோ தோள் வாரோ இருக்க வேண்டும். அந்த வார் சுமையைத் தாங்குவதற்கல்ல. சண்டை தொடங்கியபின் அது தளர்ந்து தொங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். விறைத்து நின்றால் பக்கெட்டைத் தவறான உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள்.

அகலமும் பார்க்க வேண்டும். பக்கெட்டின் இரு முனையும் இடுப்பெலும்பைத் தாண்டி முன்னால் வந்து, ரீலை நோக்கிப் பட்டைகள் ஏறத்தாழ இணையாக ஓட வேண்டும். குறுகலாக இருந்தால் ஓரம் தொடையின் பக்கவாட்டில் அறுக்கும். அகலம் அதிகமானால் முன்முனைகள் மடங்கி, பட்டை சாய்வாக உள்ளிழுத்து, இரண்டு பக்கமும் இடுக்கியில் வைத்த மாதிரி அழுத்தும். ‘எல்லாருக்கும் பொருந்தும்’ என்று ஒரே அளவில் விற்பதை 55 கிலோ ஆளும் 110 கிலோ ஆளும் மாற்றி மாற்றிப் போட்டால் இருவருக்கும் பொருந்தாது.

கிம்பல் பெல்ட்

ஹார்னஸுக்குச் செலவழித்துவிட்டுப் பெல்ட்டில் மிச்சம் பிடிப்பவர்கள் அதிகம். வயிற்றில் கட்டும் சின்ன கப், பத்துப் பதினைந்து கிலோ மீனுக்கு ஆனது. 30 கிலோ தள்ளும் விசையை உள்ளங்கை அகலமுள்ள இடத்தில் அடிவயிற்றில் வாங்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பெரிய சூரைக்கு வேண்டியது இரு தொடையையும் மூடும் அகலமான, உள்வளைந்த தட்டு. அதன் பின்புறத்தில் தண்ணீர் குடிக்காத ஃபோம் இருக்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் ஸ்பாஞ்ச் ஒரு பருவத்தில் நாறிக் கிழியும்.

தட்டு தொடையின் நடுப்பகுதியில் தொங்க வேண்டும். கப் கீழே இறங்க இறங்க ரீலும் இடுப்பு மட்டத்துக்கு இறங்கும். பட்டை பக்கெட்டிலிருந்து நேராக முன்னால் போகும், மேல்நோக்கி ஏறாது. ஆனால் முழங்காலுக்கு நாலு விரல் மேலே என்ற அளவுக்கு இறக்கிவிட்டால் கால் மடங்கும்போது தட்டு முழங்காலில் இடிக்கும். மீன் படகைச் சுற்றும்போது நீங்களும் அணியத்திலிருந்து பின்னணியம்வரை நடந்தாக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பெல்ட்டை ஹார்னஸோடு பக்கவாட்டில் கோத்துக்கொள்ள வசதி உள்ள செட் என்றால், ஹார்னஸ் இறுகும்போது தட்டும் தொடையில் இறுகி உட்காரும். தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் தட்டு ஒரு பக்கமாகச் சுழலும், அல்லது சண்டையின் நடுவில் மெல்ல மேலேறி அடிவயிற்றுக்கு வந்து நிற்கும். செட்டாக வாங்கச் சொல்வது இதனால்தான்.

கப்பின் உள்ளே குறுக்கே ஒரு பின் இருக்கும். ராடின் அடியில் உள்ள சிலுவை வெட்டு இதில் அமர்ந்தால்தான் ரீல் பக்கவாட்டில் உருளாமல் நிமிர்ந்து நிற்கும். இந்தப் பின் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்ததாக இருந்தால் வேண்டாம். முறிந்தால் தட்டே குப்பை. குறுக்கே துளையிட்டுச் செருகிய ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் கழற்றி மாற்றலாம். வாங்கும்போது உங்கள் ராடையும் கையோடு கொண்டுபோய் உட்காரவைத்துப் பாருங்கள். வெட்டு ஆழம் போதாமல் பின்மேல் சும்மா ஏறி நிற்கும் ராடுகள் உண்டு. மீன் வலப்பக்கம் திரும்பியதும் ரீல் இடப்பக்கம் கவிழும். ராடை முன்னும் பின்னும் அசைத்தால் கப் விளிம்பில் இடிக்காமல் போய்வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். கப் வாய் குறுகலாக இருந்தால் ராடு தாழும்போது விளிம்பு நெம்பித் தட்டின் கீழோரம் தொடையில் குத்தும்.

ராடைப் பற்றியும் ஒரு வார்த்தை. நின்று சண்டை போடும் ராடு ஏறக்குறைய 1.65 மீட்டர் நீளத்தில் குட்டையாக இருப்பது அழகுக்காக அல்ல. முனை உங்கள் பாதத்திலிருந்து 1.2 மீட்டர் முன்னால் இருந்து 12 கிலோ இழுத்தால், 70 கிலோ எடையுள்ளவர் கவிழாமல் நிற்க உடம்பின் எடை மையத்தைப் பாதத்துக்கு 20 செ.மீ. பின்னால் கொண்டுபோக வேண்டும். நீள ராடு போட்டு முனை 1.6 மீட்டருக்குப் போனால் அது 27 செ.மீ. ஆகும். அந்த 7 செ.மீ.தான் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பதற்கும் பத்து நிமிடத்தில் ஓய்ந்துபோவதற்கும் உள்ள வித்தியாசம். கைப்பிடிக்குக் கீழே அடிப்பகுதி அதிக நீளமான ராடு என்றால் ரீல் கைக்கு எட்டாத தூரம் போய்விடும். எந்த ஹார்னஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கிளிப், பட்டை, தையல்

30 கிலோ இழுப்பு இரண்டு பட்டைகளுக்குப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 15. கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் அலை படகைத் தூக்கும் நொடியில் மீனும் தலையை உதறினால் அது சட்டென்று எகிறும். எனவே கொக்கியும் பக்கிளும் 150 கிலோவாவது தாங்குபவையாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 ரகம் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும். முலாம் பூசிய இரும்புக் கொக்கி ஆறு மாதத்தில் நாக்கு இறுகி, அவசரத்தில் திறக்க மறுக்கும். கொக்கியை ரீலின் காதில் (பட்டை மாட்டும் வளையத்தில்) மாட்டும்போது அதன் வாய் வெளிப்பக்கம் பார்க்கட்டும். உள்பக்கம் பார்த்தால், ரீல் சாய்கிறபோது காதின் விளிம்பே நாக்கை அழுத்தித் திறந்துவிடும். ‘தானாகக் கழன்றுவிட்டது’ என்று சொல்லப்படும் கொக்கிகளில் பலவும் இப்படிக் கழன்றவைதான்.

பட்டை நைலானா பாலியெஸ்டரா என்று கேட்டு வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும். காலையில் சரியாக வைத்த அளவு மதியம் இரண்டு விரல் கூடியிருக்கும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பக்கிளை நனைத்துவிட்டு இழுத்துப் பாருங்கள். காய்ந்த பட்டையில் கெட்டியாகப் பிடிக்கும் பக்கிள் ஈரப் பட்டையில் வழுக்குவது சகஜம். சரியான அளவு கிடைத்தபின் பட்டையில் அழியாத மையால் ஒரு கோடு போட்டுவிட்டால் வழுக்கியிருப்பது உடனே கண்ணில் படும்.

தையலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: பட்டை பக்கெட்டோடு சேரும் மூலை. அங்கே சதுரம் போட்டு உள்ளே பெருக்கல் குறி போல ஓட்டியிருக்க வேண்டும், அல்லது நெருக்கமான குறுக்குத்தையல் பல வரிசை இருக்க வேண்டும். ஒரே வரிசை நேர்த்தையல் என்றால் ஒரு நூல் அறுந்ததும் ஜிப் திறப்பதைப் போல வரிசை முழுக்கப் பிரியும். பட்டை பக்கெட்டின் ஓரத்தோடு முடிகிறதா, பின்புறம் முழுக்கச் சுற்றி வருகிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். சுற்றி வந்தால் துணி கிழிந்தாலும் பட்டை தாங்கும்.

கரையில் ஒரு சோதனை

பக்கெட் ஹார்னஸைச் சோதிக்க ஒரு பக்கெட் தண்ணீர் போதும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கெட்டியான கைப்பிடியுள்ள வாளியில் 12 லிட்டர் ஊற்றினால் 12 கிலோ டிராக்குக்குச் சமம். ஒரு மீட்டர் உயரமுள்ள மேடையிலோ டிரெய்லரில் நிற்கும் படகிலோ நின்றுகொள்ளுங்கள். மொட்டைமாடி ஓரம் வேண்டாம். வாளியின் கைப்பிடியில் நரம்பைக் கட்டி, லீவரை ஸ்ட்ரைக்குக்கு மேலே தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் டிராக் வழுக்கி வாளி எழும்பாது. பக்கெட், பெல்ட், ராடு எல்லாம் மாட்டி, மெல்லச் சாய்ந்து வாளியைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குங்கள். பிறகு இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள்.

ராடு தரைமட்டத்துக்கு மேல் 30லிருந்து 45 டிகிரியில் அப்படியே நின்றால் பட்டை நீளம் சரி. முனை தாழ்ந்து தரைமட்டத்துக்கு வந்தால் பட்டை நீளம். ஒரு விரல் குறையுங்கள். ராடு 60 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து நின்றால் பட்டை குட்டை. அந்த நிலையில் முழு வளைவும் முனைப்பகுதியில் குவியும், மீன் திடீரென்று படகுக்கு அடியில் போனால் ராடு அங்கேதான் முறியும். கைகளை எடுத்த நிலையில் முதுகு நேராக இருக்கிறதா, குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா என்று வேறொருவரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நமக்கு நம் முதுகு தெரியாது.

அடுத்து, இடுப்பை மட்டும் பின்னால் 10 செ.மீ. ஆட்டி, முன்னால் விடும்போது குறைந்த கியரில் அரைச் சுற்று சுற்றுங்கள். சூரை சண்டையின் கடைசியில் வட்டமடிக்கும்போது செய்யப்போவது இதையேதான். வட்டத்தில் படகை நோக்கி வரும் பாதியில் அரை அரைச் சுற்றாக வாங்கிக்கொள்வதும், விலகிப் போகும் பாதியில் சும்மா சாய்ந்து தாங்குவதும். கையால் ராடை ஓங்கித் தூக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பக்கெட் முதலில் ஒத்துவராது. இந்த வாளிப் பயிற்சியைப் பத்து நிமிடம் செய்தால் அந்தப் பழக்கம் போகும்.

கழற்றவும் பாருங்கள். லீவரை முழுக்கத் தளர்த்தி, இரண்டு கொக்கியையும் கழற்றி, ராடைக் கையில் எடுக்க ஐந்து நொடிக்கு மேல் ஆகக் கூடாது. கையுறையோடு ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை.

ஆளோடு சேர்த்து இழுத்துப் போகாமல்

ஹார்னஸில் இருக்கும் ஆபத்து ஒன்றே ஒன்று, ஆனால் அது உயிர் சம்பந்தப்பட்டது. நரம்பு ஸ்பூலில் சிக்கிக்கொண்டாலோ டிராக் இறுகிவிட்டாலோ, ரீலோடு கட்டப்பட்ட மனிதன் மீனோடு கட்டப்பட்டவன். எனவே பக்கெட்டின் பின்புறத்தில் கெட்டியாகத் தைத்த கைப்பிடி இல்லாத மாடலை ஒதுக்கிவிடலாம். சண்டை முடியும்வரை ஒருவர் பின்னால் நின்று அதைப் பிடித்திருக்க வேண்டும். அவர் ராடையோ ரீலையோ தொட வேண்டியதில்லை. கத்தி அவர் இடுப்பில் இருக்கட்டும், மீனோடு மல்லுக்கட்டுபவரிடம் வேண்டாம். அவர் குனிந்து தேடும் நிலையில் இருக்க மாட்டார். ராடைப் படகோடு இணைக்கும் பாதுகாப்புக் கயிறு ராடில் மட்டும் மாட்டப்பட வேண்டும், ஆளின் ஹார்னஸில் அல்ல. எதிர்த் திசையிலும் விழலாம்: 20 செ.மீ. பின்னால் சாய்ந்து நிற்கும்போது மீனின் வாயிலிருந்து தூண்டில் முள் பிடுங்கிக்கொண்டால் மல்லாக்க விழுவீர்கள். பின்னால் ஐஸ் பெட்டி, தூண்டில் கொக்கிகள் எதுவும் கிடக்கக் கூடாது.

படகின் விளிம்பு தொடை நடுவரை வந்து, உள்பக்கம் மெத்தை வைத்திருந்தால் முழங்காலை முட்டுக்கொடுத்து நிற்கலாம். ஹார்னஸின் பாதி வேலையை அது செய்துவிடும். விளிம்பு முழங்காலுக்குக் கீழே உள்ள படகில் 12 கிலோ டிராக்கோடு ஓரத்தில் நிற்பது வினையை விலைக்கு வாங்குவது. அங்கே டிராக்கைக் குறையுங்கள், அல்லது சுழலும் ராடு ஹோல்டருக்குப் போங்கள்.

130 பவுண்டு நரம்பு, 18லிருந்து 20 கிலோ டிராக் என்றால் படகில் பொருத்திய சண்டை நாற்காலிதான். மேலே போட்ட கணக்கை 20 கிலோவுக்குப் போட்டால் 70 கிலோ ஆள் எடை மையத்தை 34 செ.மீ. பின்னால் கொண்டுபோக வேண்டும். அது நிற்பதல்ல, விழுவது. 1979இல் நோவா ஸ்கோஷியாவில் கென் ஃப்ரேசர் பிடித்த நீலத்துடுப்புச் சூரை 679 கிலோ, சர்வதேச மீன்பிடி விளையாட்டுச் சங்கத்தின் பதிவேட்டில் இருப்பது. அந்த எடை வரிசையை நின்றபடி எதிர்பார்த்து ஹார்னஸ் தேடுபவருக்கு நாங்கள் எந்த மாடலையும் சொல்ல மாட்டோம். நாற்காலியிலும் பக்கெட் வகை இருக்கை ஹார்னஸ்தான் வரும், ஆனால் காலால் பலகையை உதைத்து நகர்வதால் பட்டை நீளம் வேறு. நின்று பிடித்த அளவை அங்கே அப்படியே வைக்கக் கூடாது.

பதிவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அந்தச் சங்கத்தின் விதிகளில் மூன்றை மனத்தில் வையுங்கள். ஹார்னஸை ரீலிலோ ராடிலோ மாட்டலாம், நாற்காலியோடு கட்டக் கூடாது. வேறொருவர் உங்கள் ஹார்னஸைச் சரிசெய்யலாம், மாற்றிக்கூடப் போடலாம். அவர் ராடையோ ரீலையோ தொட்டால் மீன் தகுதியிழக்கும். ராடைப் படகின் விளிம்பில் சாய்த்தாலும் அதே கதி.

ஸ்பின்னிங் ரீல்காரர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: அந்த ரீல்களில் பெரும்பாலும் கொக்கி மாட்டக் காதே கிடையாது. முன்கைப்பிடியில் வளையம் கட்டி மாட்டும் இணைப்புகள் விற்கிறார்கள். ரீல் ராடுக்குக் கீழே தொங்குவதால் இழுப்பு ஏறியதும் வளையம் நழுவி ரீல் அடிப்பகுதியில் முட்டும், அல்லது கைப்பிடி ஃபோமைச் சுருட்டும். பாப்பர் என்னும் மிதக்கும் செயற்கை இரையை வீசிச் சூரை பிடிப்பவர்கள் நல்ல கிம்பல் பெல்ட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்துக்கு இரண்டு உபரி 316 கொக்கியும், லீவர் டிராக் ரீல் வைத்திருக்கும் நண்பரின் பக்கெட்டுக்குப் பின்னால் நிற்கும்போது இடுப்பில் செருக ஒரு நல்ல கத்தியும் வாங்குங்கள்.